சனி ஞாயிறில மண்வெட்டி பிடிக்கிறது: உடம்புக்கு நல்லதா, வெறும் பம்மாத்தா?

வெள்ளவத்தை ஒபிஸ்காரன்:
ஹோமாகமப் பக்கம் சிநேகிதன்ர கால் ஏக்கர் காணி. லீவு நாளில போய்க் கங்குன் கீரை, வெண்டி, மரவள்ளிக்குக் கொத்துறன். துவக்கத்தில உள்ளங்கை கொப்பளிச்சு, நாரி பிடிச்சு, திங்கக்கிழமை கதிரையால எழும்ப ஏலாமப் போச்சு. இப்ப பழகீட்டுது. ஜிம்முக்குக் காசு கட்டுற கொழும்பு ஆக்கள் அதை நிப்பாட்டிப்போட்டு மண்வெட்டியைத் தூக்குங்கோ. நித்திரையும் நல்லா வரும்.

ஹட்டன் ரயில்:
எங்கம்மா தேயிலைத் தோட்டத்துல கொழுந்து பறிச்சவங்க. ஒடம்பு வேலை ஒடம்புக்கு நல்லதுன்னா அவங்க முழங்கால் ஏன் இப்பிடிப் போச்சு? 2021ல ஆயிரம் ரூபா நாள் சம்பளம் வர்றதுக்கே வருசக்கணக்கா கத்த வேண்டியிருந்துச்சு. நாரி புடிச்சா நீங்க அடுத்த சனிக்கிழமை போகாம இருக்கலாம். அங்க கொழுந்து கிலோ கொறைஞ்சா அரைப் பேருதான், பாதி நாள் சம்பளம்.

இணுவிலான்:
தம்பி ஒபிஸ்காரன், நாரி பிடிச்சது வேலையால இல்லை, முறையால. பிடியை இறுக்கினா கொப்பளம் வரும். தூக்கேக்க மட்டும் பெலம் குடு. இறங்கேக்க மண்வெட்டியின்ர பாரமே வெட்டும். முழங்காலை மடிச்சு நில், காலை மாத்தி மாத்தி வை. கொத்த முதல் அரத்தால ஒருக்கா ராவு. அந்தப் பக்கத்துக் கபுக் மண் (செம்பூராங்கல் மண்) காய்ஞ்சா கல்லு, மழை பெய்ஞ்ச அடுத்த நாள் கொத்து. பத்து மணிக்குப் பிறகு வெயிலில நிக்காத.

ஹட்டன் ரயில்:
அப்ப எங்கம்மாவுக்கு மொறை தெரியலைங்கிறீங்களா அண்ணே?

இணுவிலான்:
அப்பிடிச் சொல்லேல்லை. பழகாதவனுக்குச் சொன்னன்.

தெஹிவளை நர்ஸ்:
சண்டைக்கு நடுவில ஒண்டு. கொப்பளம் உடைஞ்ச கையோட கங்குன் பாத்தித் தண்ணியில இறங்காதேங்கோ, எலிக்காய்ச்சல் வரலாம். கொத்தின நோவு ரெண்டு மூண்டு நாளில இறங்கும், காய்ச்சல் இராது. காய்ச்சலோட கெண்டைக்காலும் நொந்தா பனடோல் போட்டுக்கொண்டு வீட்டில இருக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. தோட்டத்தில இறங்கினதையும் சொல்லுங்கோ. சேத்தில வேலை செய்யிற ஆக்களுக்கு முன்கூட்டியே டொக்சிசைக்கிளின் குளிசை குடுக்கிறவை, எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிஸில கேளுங்கோ.

வெள்ளவத்தை ஒபிஸ்காரன்:
நன்றி அக்கா. ஹட்டன், நான் கூலி வேலையைப் பற்றிக் கதைக்கேல்லை. உடம்பை அசைக்காத எங்களைத்தான் சொன்னன்.

ஹட்டன் ரயில்:
சரி. நீங்க இல்லாத நாள்ல அந்தக் காணியக் கொத்துறது யாரு?

வெள்ளவத்தை ஒபிஸ்காரன்:
பக்கத்து ஐயா ஒராள். நான் காலமை முழுக்கக் கொத்துறதை அவர் தேத்தண்ணிக்கு முதல் முடிச்சிடுவார். கூலி சிநேகிதன்தான் குடுக்கிறான். எவ்வளவு எண்டு நான் கேக்கேல்லை.

ஹட்டன் ரயில்:
கேட்டுட்டு வந்து எழுதுங்க. அவரு நாரியப் பத்தியும் கேளுங்க.