சர்வர் மாற்றியபின் உள் இணையதளத்தில் தமிழ்ப் பெயர்கள் சிதைந்து தெரிகின்றன

கேள்வி

எங்கள் நூற்பாலையின் வருகைப்பதிவு, விடுப்பு விண்ணப்பம் ஆகியவற்றுக்கான உள் இணையதளம் பல ஆண்டுகளாகச் சென்ட்ஓஎஸ் 6 (லினக்ஸ் இயங்குதளம்) சர்வரில், மைஎஸ்கியூஎல் 5.1 தரவுத்தளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சென்ற வாரம் உபுண்டு 22.04, மைஎஸ்கியூஎல் 8.0, பிஎச்பி 8.1 (தளம் எழுதப்பட்ட நிரல்மொழி) உள்ள புதிய சர்வருக்கு மாற்றினேன். பழைய பிஎச்பி கட்டளைகளை முன்னதாகவே மைஎஸ்கியூஎல்ஐ (தரவுத்தளத்துடன் பேசும் புதிய வழி) முறைக்குத் திருத்திவிட்டேன்.

முகப்புப் பக்கம் வருகிறது; உள்ளே எந்த இணைப்பைச் சொடுக்கினாலும் 404 பிழை (பக்கம் கிடைக்கவில்லை). முழு முகவரியைத் தட்டச்சு செய்து உள்ளே போனால், தொழிலாளர் பெயர்கள் அனைத்தும் ஐரோப்பிய எழுத்துகளின் குவியலாகத் தெரிகின்றன. புதிய பெயரைச் சேர்த்தபோது பிழைச்செய்தி வந்ததால், எங்கோ படித்ததை நம்பி மைஎஸ்கியூஎல்லின் ஸ்ட்ரிக்ட் மோடை (தவறான தரவை ஏற்க மறுக்கும் அமைப்பு) நிறுத்தினேன். அதன்பின் பெயர் சேர்கிறது, ஆனால் வெறும் கேள்விக்குறிகளாக. பழைய சர்வர் இன்னும் அணைக்கப்படவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

மறுமொழி 1

404 எளிது. உங்கள் தளம் முகவரிகளை எச்டிஅக்சஸ் என்ற அடைவு அமைப்புக் கோப்பின் வழியாக மாற்றி எழுதுகிறது என்று நினைக்கிறேன். உபுண்டுவின் அப்பாச்சியில் (இணைய சர்வர் மென்பொருள்) அந்த மாற்றத்தைச் செய்யும் ரீரைட் மாட்யூல் தொடக்கத்தில் இயங்குவதில்லை. அந்தக் கோப்பை ஏற்பதா என்று சொல்லும் அலவ்ஓவர்ரைடும் 'நன்' என்றே இருக்கும். முதலாவதை இயக்கி, உங்கள் தளத்தின் அடைவுக்கு மட்டும் இரண்டாவதை 'ஆல்' என்று மாற்றி, அப்பாச்சியை மீண்டும் தொடங்குங்கள்.

எழுத்துச் சிதைவைப் பற்றி என்னைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

மறுமொழி 2

முதலில் ஸ்ட்ரிக்ட் மோடை மீண்டும் இயக்குங்கள். அந்தப் பிழைச்செய்திதான் உங்கள் தரவைக் காத்துக்கொண்டிருந்தது. கேள்விக்குறியாகப் பதிந்த பெயர்களை எந்தக் கட்டளையாலும் மீட்க முடியாது. அவற்றைத் திரும்பத் தட்டச்சு செய்வதைத் தவிர வழியில்லை. ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும் பழைய பெயர்களோ அநேகமாகச் சேதமின்றி இருக்கின்றன.

பழைய சர்வரில் அட்டவணையும் இணைப்பும் இரண்டுமே லேட்டின்1 என்ற மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான குறிமுறையில் இருந்திருக்கும். உலாவி அனுப்பிய யூடிஎஃப்8 (எல்லா மொழிகளுக்குமான யூனிகோடு குறிமுறை) பைட்டுகளை மைஎஸ்கியூஎல் இன்னதென்று அறியாமலே வாங்கி வைத்து, அப்படியே திருப்பிக் கொடுத்துவந்தது. இரண்டு தவறுகள் ஒன்றையொன்று ஈடுசெய்ததால் யாருக்கும் குறை தெரியவில்லை. இப்போது இணைப்பு மட்டும் யூடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்கியூஎல்லில் முழு யூடிஎஃப்8-இன் பெயர்) ஆகிவிட்டதால், மைஎஸ்கியூஎல் ஒவ்வொரு பைட்டையும் ஒரு லேட்டின் எழுத்தாகக் கருதி மாற்றி அனுப்புகிறது.

உறுதிசெய்துகொள்ள, 'கண்ணன்' என்ற பெயருள்ள ஒரு வரிசையில் லெங்த் (பைட்டு எண்ணிக்கை), கேர்லெங்த் (எழுத்து எண்ணிக்கை) இரண்டையும் கேட்டுப் பாருங்கள். நம் கண்ணுக்கு அது நான்கு எழுத்து. யூனிகோடுக்குப் புள்ளிகளையும் சேர்த்து ஆறு. யூடிஎஃப்8-இல் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு. இரண்டு விடைகளும் 18 என்று வந்தால், நல்ல பைட்டுகள் லேட்டின்1 பெயர்ப்பலகையின் கீழ் இருக்கின்றன என்று பொருள். லெங்த் 18, கேர்லெங்த் 6 என்பதே நாம் போய்ச் சேர வேண்டிய நிலை. லெங்த் 37 என்று வந்தால் யாரோ ஏற்கெனவே 'கன்வர்ட் டு கேரக்டர் செட்' என்ற குறிமுறை மாற்றும் கட்டளையைக் கொடுத்துவிட்டார்கள்.

கேட்டவர்

404 சரியாகிவிட்டது, மிக்க நன்றி. தொழிலாளர் அட்டவணையில் 18, 18 என்று வருகிறது. துறைகள் அட்டவணையில் மட்டும் பைட்டு எண்ணிக்கை இரு மடங்குக்கு மேல் போகிறது. அதில் நேற்று அந்தக் கட்டளையை நான்தான் சோதித்துப் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மறுமொழி 2

அதுவும் மீளும். அதே கட்டளையால் அந்த அட்டவணையை லேட்டின்1-க்குத் திருப்புங்கள். பைட்டுகள் பழைய நிலைக்கு வந்துவிடும். அதன்பின் எல்லா அட்டவணைகளுக்கும் ஒரே வழிதான். முழு நகல் எடுத்துக்கொண்டு, தமிழ் உள்ள ஒவ்வொரு புலத்தையும் ஆல்டர் டேபிள் கட்டளை மூலம் முதலில் வார்பைனரியாக (குறிமுறை இல்லாத வெறும் பைட்டு வகை) மாற்றி, பிறகு யூடிஎஃப்8எம்பி4 குறிமுறையுள்ள வார்கேர் (எழுத்து வகை) ஆக மாற்றுங்கள். பைனரி வழியாகப் போகும்போது மைஎஸ்கியூஎல் பைட்டுகளைத் தொடாது, பெயர்ப்பலகை மட்டுமே மாறும். 'நாட் நல்' (வெற்றாக விடக்கூடாது) போன்ற விதிகளை இரண்டு முறையும் மீண்டும் எழுத வேண்டும். விட்டால் அவை போய்விடும். பிஎச்பி பக்கத்தில் இணைப்பு தொடங்கியவுடன் செட்சார்செட் கட்டளையில் யூடிஎஃப்8எம்பி4 என்று வெளிப்படையாகக் கொடுங்கள்.

கேட்டவர்

துறைகள் சரியாகிவிட்டன. தொழிலாளர் பெயர்ப் புலத்தில் இரண்டாம் கட்ட மாற்றம் 1366 பிழையுடன் (தவறான எழுத்து மதிப்பு) நிற்கிறது. அது 50 அளவுள்ள வார்கேர் புலம்.

மறுமொழி 2

எதிர்பார்த்ததுதான். லேட்டின்1-இல் 50 என்பது 50 பைட்டு. 'மீனாட்சிசுந்தரம் கா.' என்ற பெயரில் மீனாட்சிசுந்தரம் 48 பைட்டு, இடைவெளி ஒன்று. 'கா'வின் முதல் பைட்டு மட்டும் உள்ளே நுழைந்து மற்றவை வெட்டுப்பட்டிருக்கும். பழைய மைஎஸ்கியூஎல் இதை வாய்திறவாமல் செய்துவிடும். அரை எழுத்தை இப்போது யூடிஎஃப்8 ஏற்க மறுக்கிறது. லெங்த் சரியாக 50 உள்ள வரிசைகளைத் தேடுங்கள். புலத்தை 200 அளவுள்ள வார்பைனரியாக வைத்துக்கொண்டு, அந்தப் பெயர்களை ஊதியப் பதிவேட்டைப் பார்த்து முழுமையாக எழுதிவிட்டு, பிறகு மாற்றுங்கள்.

கேட்டவர்

ஒன்பது வரிசைகள் கிடைத்தன. பழைய தளத்தில் அந்தப் பெயர்களின் வாலில் ஒரு கறுப்புச் சாய்சதுரக் கேள்விக்குறி எப்போதும் இருந்துவந்தது. எழுத்துருக் கோளாறு என்று நினைத்து நாங்கள் யாரும் பொருட்படுத்தவில்லை. இப்போது மாற்றம் பிழையின்றி முடிந்தது. 'கண்ணன்' 18, 6 என்று காட்டுகிறது. கேள்விக்குறிகளாகிப்போன புதிய பெயர்களை நாளை காலை ஆட்சேர்ப்புப் படிவங்களைப் பார்த்துத் திரும்பப் பதியவிருக்கிறேன். அதுவரை பழைய சர்வரை அணைக்கப்போவதில்லை.