ஜிம் மெஷின்கள்: மனத்தை விட்டுப் போகாத சம்பவம் இருந்தால் எழுதுங்கள் (மும்பைத் தமிழர்கள்)

சயான்வாசி

ஆயுத பூசைக்கு மறுநாள். எங்கள் ஜிம்மில் எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், மாட்டுங்காவில் வாங்கிய செண்டுமல்லி மாலை. டம்பெல்லுக்குக்கூட ஒவ்வொரு பொட்டு. முதலாளி பூசையில் குறை வைக்க மாட்டார். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் கப்பிகளில் ஒட்டடை இருக்காது என்பது வேறு விஷயம்.

லாட் புல்டவுன் என்பது உட்கார்ந்துகொண்டு, தலைக்கு மேல் கேபிளில் தொங்கும் பாரைக் கீழே இழுக்கும் மெஷின். பாரை மாட்டும் கொக்கிக்கு மேலே, கேபிள் முடிகிற இடத்தில், பெரிய சந்தனப் பொட்டு ஒன்று காய்ந்து வெடித்திருந்தது. கொக்கியைத் திருப்பப் போனேன், விரலில் சுருக்கென்றது. சந்தனத்துக்குள்ளிருந்து தலைமுடி கனத்தில் ஒரு கம்பி இழை நீட்டிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் கேபிளின் பிளாஸ்டிக் உறை பிளந்திருந்தது. ஒரு சொட்டு ரத்தம் வந்தது. குங்குமம் எது, ரத்தம் எது என்று தெரியவில்லை.

துண்டில் விரலைத் துடைத்துக்கொண்டு பக்கத்து மெஷினுக்குப் போய்விட்டேன். 8.14 லோக்கலைப் பிடிக்கும் அவசரம். முதலாளி வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். வருகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். கம்பியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

நான்காம் நாள் கேபிள் அறுந்தது. உட்கார்ந்திருந்தவர் எங்கள் மளிகைக்கடை அண்ணாச்சி. வயது 66. டாக்டர் சொன்னதற்காக வருகிறவர், 30 கிலோவைத் தாண்டவே மாட்டார். பார் நெற்றியில் இறங்கியது. பின்னால் எடைத் தட்டுகள் மொத்தமாக விழுந்தன. நான் ஓடிப் போய்ப் பிடித்தபோது ரத்தம் புருவத்தில் வழிந்துகொண்டிருந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி, "நான் எதையாவது உடைத்துவிட்டேனா, தம்பி?"

5 தையல். இன்னும் இரண்டு வாரத்தில் அடுத்த ஆயுத பூசை வரப்போகிறது.

முலுண்டு அக்கா

உங்களுடையதைப் படித்த பிறகு என்னுடையது வெறும் வேடிக்கை. இருந்தாலும் எழுதுகிறேன்.

எங்கள் ஹவுசிங் சொசைட்டி ஜிம்மில் இரண்டே டிரெட்மில். ஒன்று ஓடும்போது கீச்சிட்டது. செயலாளரிடம் மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் வாட்ச்மேனிடம் என் அரைகுறை இந்தியில் "தேல் டாலோ" என்றேன். எந்த எண்ணெய் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பீகார்க்காரர். அவருக்கு எண்ணெய் என்றால் ஒன்றே ஒன்றுதான்.

மறுநாள் சத்தம் நின்றுவிட்டது. பெருமையாக இருந்தது. ஒரு வாரம் கழித்து, பத்து நிமிடம் நடந்திருப்பேன், எங்கிருந்தோ ஊறுகாய் ஜாடியைத் திறந்த மணம். பக்கத்துப் பெண் முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். நான் அவளைப் பார்க்கிறேன். கடுகு எண்ணெய் சூடேறி என் காலடியிலிருந்து வருகிறது! அதற்கடுத்த வாரம் பெல்ட் ஓரடி ஓடும், அரையடி வழுக்கும். ஒரு காலை டப்பென்று சத்தம், ஜிம் முழுக்க இருட்டு. வந்து பார்த்தவர் பெல்ட்டைத் தூக்கிக் காட்டினார். அடியில் பலகை முழுக்கப் பழுப்பாக, வாணலி அடியில் பிடித்த பிசுக்குப் போல. கண்ட்ரோல் போர்டும் போய்விட்டிருந்தது.

கூட்டத்தில் நான்தான் சொன்னேன் என்று எழுந்து ஒப்புக்கொண்டேன். வாட்ச்மேன் சம்பளத்தில் கைவைக்கவில்லை. ஆனால் "உறுப்பினர்கள் ஊழியர்களுக்கு நேரடியாக உத்தரவிடக் கூடாது" என்று ஒரு தீர்மானம் போட்டார்கள். கீச்சிட்ட மெஷினைப் பற்றித் தீர்மானம் ஏதும் இல்லை.

கப்பிக்காரன்

தாராவியில் இருக்கிறேன், 17 வருடமாக ஜிம் மெஷின் பழுதுபார்ப்பதுதான் தொழில். என் கதை சின்னது. அந்தேரிப் பக்கம் ஒரு ஜிம்மில் எடை அடுக்கில் செருகும் பின் தொலைந்துபோய், அதற்குப் பதில் திருப்புளியைச் செருகியிருந்தார்கள். வில்லாக வளைந்திருந்தது. கேட்டால், "ஆறு மாதமாக ஓடுகிறதே" என்றார்கள். அவ்வளவுதான்.

சயான் தம்பி, நான்காம் நாள் அறுந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒப்புக்கொள்ள மாட்டேன். பல மாதமாக அறுந்துகொண்டே இருந்தது, நான்காம் நாள் முடிந்தது. அந்தக் கம்பி வடத்தில் பெரும்பாலும் 7 புரி இருக்கும், புரிக்கு 19 இழை. 133 இழையில் ஒன்று வெளியே தலை நீட்டுகிறது என்றால் உறைக்குள் எத்தனை போயிருக்கும் என்று யார் எண்ணுவது? புதிதில் ஏறக்குறைய ஒரு டன் தாங்கும் வடம், 30 கிலோவுக்கு அறுந்தால் மிச்சம் எவ்வளவு இருந்திருக்கும், நீங்களே கணக்குப் போடுங்கள். இழை குத்தினால் அன்றைக்கே அந்த மெஷினைப் பூட்ட வேண்டும். டேப் சுற்றுவது அதைவிட மோசம். புண்ணை மூடி வைக்கிற வேலை. நாக்தேவி தெருவில் மீட்டர் கணக்கில் வடம் வாங்கி, யூ கிளாம்ப் (யூ வடிவ இரும்புப் பிடி) போட்டு முறுக்கி மாட்டிவிட்டுப் போகிறவர்கள் என் தொழிலிலேயே இருக்கிறார்கள். அவர்களை உள்ளே விடாதீர்கள். முனை அழுத்திப் பொருத்தப்பட்டதாக, அந்த மாடலுக்கு உரியதாக வர வேண்டும். கேபிள் மாற்றும்போது கப்பியையும் கையால் சுழற்றிப் பாருங்கள். பேரிங் இறுகிய கப்பி புதுக் கேபிளையும் தின்றுவிடும். எடை ஏறி இறங்கும் கம்பிகளுக்குக் கிரீஸ் வேண்டாம், தூசியை இழுக்கும். துடைத்துவிட்டு சிலிக்கோன் எண்ணெய் போதும்.

முலுண்டு அக்கா, டிரெட்மில்லுக்கும் அதே சிலிக்கோன் எண்ணெய்தான். பெல்ட்டுக்கும் பலகைக்கும் நடுவில், அதுவும் கொஞ்சமாக. தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே, எதுவும் கூடாது. மெஷினை அணைத்துவிட்டுப் பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கி விரலை விட்டுத் தடவுங்கள். வறண்டிருந்தால் போடுங்கள், வழவழப்பு இருந்தால் விட்டுவிடுங்கள். காய்ந்த பெல்ட்டை இழுக்க மோட்டார் அதிக மின்சாரம் எடுக்கும், அதில்தான் போர்டு போகிறது. பெல்ட் ஒரு பக்கம் ஒதுங்கினால், எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கம் மெஷினின் பின்முனையில் இருக்கும் போல்ட்டை வலப்புறமாகக் கால் சுற்று. கால் சுற்றுதான்! பிறகு ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு எனக்குப் போன் செய்கிறவர்களால்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது.

தம்பி, ஒன்று கேட்க வேண்டும். கேபிள் எந்த இடத்தில் அறுந்தது? கொக்கிப் பக்கமா, கப்பி மேலேயா?

குர்லா பழையவன்

கப்பிக்காரர் சொல்வதைப் பார்த்தால் கண்ணும் விரலும் இருந்தால் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடலாம் போலிருக்கிறது. அப்படி இல்லை ஐயா.

2005 ஜூலை 26. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்த அந்த மழை. குர்லாவில் நான் போய்க்கொண்டிருந்த ஜிம் கட்டடத்தின் அடித்தளத்தில். கூரை வரை மித்தி ஆற்றுத் தண்ணீர். வடிந்த பிறகு நாங்கள் பையன்கள் எல்லாரும் சேர்ந்து பெஞ்சுகளைத் தெருவுக்குத் தூக்கி வந்து, குழாய்த் தண்ணீரில் கழுவி, வெயில் வரும்போதெல்லாம் காய வைத்தோம். முதலாளி கறுப்பு வண்ணம் பூசினார். ரெக்சின் மாற்றினார். புதிது மாதிரியே இருந்தது.

தீபாவளிக்கு முன்பு பெஞ்ச் பிரஸ்ஸை இடம் மாற்றச் சாய்த்தபோது காலில் இருந்த ரப்பர் மூடி கழன்று விழுந்தது. சதுரக் குழாய்க்குள்ளிருந்து கறுப்புத் தண்ணீர் என் பாதத்தில் கொட்டியது. மூன்று மாதம் உள்ளே நின்ற தண்ணீர், கூடவே செதில் செதிலாகத் துரு. வெளியே பளபளவென்று வண்ணம். எங்கே தடவுவீர்கள்?

அதை அவர் டோம்பிவிலியில் யாருக்கோ விற்றார். டெம்போவில் ஏற்றியவர்களில் நானும் ஒருவன். வாங்கியவர் பெஞ்சில் ஒரு முறை உட்கார்ந்து எழுந்து, தட்டிப் பார்த்து, "கெட்டியாக இருக்கிறது" என்றார். அதில் மல்லாந்து படுத்து யார் எத்தனை கிலோ தூக்கினாரோ.

செம்பூர் சைக்கிள்

கப்பிக்கார அண்ணா இவ்வளவு நீளம் எழுதியதில் சைக்கிளுக்கு ஒரு வரி இல்லை. ஸ்பின் வகுப்புக்கு (நின்ற இடத்திலேயே சைக்கிள் மிதிக்கும் வகுப்பு) பெண்கள்தான் அதிகம் போகிறோம் என்பதாலா?

என் அப்பா திருநெல்வேலியில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். இடது பெடலுக்கு எதிர்மரை என்பது எனக்கு ஐந்து வயதிலிருந்து தெரியும். அச்சின் முனையில் இடதுக்கு எல், வலதுக்கு ஆர் என்று பொறித்திருக்கும். ஒரு மாலை பயிற்சியாளர் இடது பக்கத்தில் புதுப் பெடல் மாட்டிக்கொண்டிருந்தார். ஸ்பேனருக்கு ஒரு குழாயைச் செருகி, மூச்சுப் பிடித்து முறுக்குகிறார். தரையில் வெள்ளிப் பொடி போல இரும்புத் துகள். "அது வலது பெடல், மாற்றி மாட்டுகிறீர்கள்" என்றேன். "புதுசு மேடம், அப்படித்தான் இறுக்கமாக இருக்கும்" என்று சிரித்தார். பைசெப்ஸ் என் தொடை அளவு. அதனால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார் போல.

மறுநாள் தாமதமாகப் போனேன், மிஞ்சியிருந்தது அதே சைக்கிள். சரிசெய்திருப்பார் என்று ஏறினேன். இருபதாவது நிமிடம் எழுந்து நின்று மிதிக்கச் சொன்னார்கள். இடது பெடல் மரையைப் பிய்த்துக்கொண்டு கழன்றது. பட்டை கட்டியிருந்ததால் என் ஷூவோடேயே வந்துவிட்டது. ஸ்பின் சைக்கிளில் நாம் நிறுத்தினாலும் சக்கரம் நிற்காது, கனத்தோடு சுற்றிக்கொண்டே இருக்கும். வலது கால் அதோடு சுற்றுகிறது, இடது பக்கத்துத் தண்டு ஒவ்வொரு சுற்றுக்கும் என் கெண்டைக்காலில் அடிக்கிறது. சிவப்புக் குமிழை அழுத்தி நிறுத்துவதற்குள் நான்கு அடி. அதன் பிறகு பெடலைக் காலில் மாட்டிக்கொண்டே டக் டக் என்று நொண்டி நடந்து போய் அவர் முன்னால் நின்றேன். அவர் குனிந்து அந்த முனையைப் படித்தார். ஆர்.

கப்பிக்காரன்

தங்கச்சி, சைக்கிளை விட்டது என் தப்புதான். பெண்கள் என்பதால் இல்லை, நீளமாகிவிட்டது என்பதால். அது மரை போன தண்டு, திரும்பவும் பெடல் மாட்டிப் பயன் இல்லை, தண்டையே மாற்ற வேண்டும். மாற்றினார்களா?

குர்லா ஐயா, சதுரக் குழாய்க்குத் தட்டிப் பார்க்கும் ஒரு வழி இருக்கிறது, தனியாக எழுதுகிறேன். சயான் தம்பி இன்னும் பதில் சொல்லவில்லை.

சயான்வாசி

கொக்கிப் பக்கம்தான் அண்ணா. சந்தனம் வைத்த அதே இடம். அறுந்த துண்டை முதலாளி குப்பையில் போட்டபோது பார்த்தேன். நுனியில் மஞ்சள் ஒட்டியிருந்தது.

புதுக் கேபிள் போட்டாகிவிட்டது. அண்ணாச்சி இப்போதும் வருகிறார், அதே மெஷினுக்குத்தான். உட்காரும் முன் என்னைக் கூப்பிடுவார். "தம்பிக்குக் கண் நல்ல கண், கொஞ்சம் பார்த்துச் சொல்" என்பார். நானும் கொக்கியிலிருந்து கை எட்டும் உயரம் வரை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சரி என்பேன். அப்புறம்தான் உட்காருவார். அந்தக் காலை விஷயத்தை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

இன்று காலையும் தடவினேன். வழவழப்பாக இருந்தது.