மாதவிடாய் நிற்கும் பருவத்தில் விடாத மனச்சோர்வு

கேள்வி:
எனக்கு வயது 48. ஓராண்டாக மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிறது. விடியற்காலை 3 மணிக்கு இரவிக்கை வியர்வையில் நனைந்து விழிப்பு வந்தால், காரணமே இல்லாத அழுகையும் "யாருக்காக இருக்கிறோம்" என்ற எண்ணமும் சேர்ந்து வருகின்றன. வீட்டில் "எல்லாருக்கும் வருவதுதான்" என்கிறார்கள். இதற்கு மருத்துவம் உண்டா?

பதில் 1:
நிச்சயம் உண்டு, சகோதரி. மாதவிடாய் முற்றிலும் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சீராகக் குறையாமல் ஏறி இறங்குவதால், மனநிலையைப் பேணும் செரோட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளும் தடுமாறுகிறது. முன்பே மனச்சோர்வு கண்டவர்களுக்கு அது மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம். தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டையும் முதலில் பார்த்துவிடுங்கள், ஏனெனில் அவற்றின் குறைபாடும் இதே போன்ற சோர்வைத் தரும்.

பதில் 2:
எனக்கு மகளிர் நல மருத்துவர் ஹார்மோன் சிகிச்சையைத் தொடங்கினார். கருப்பை இருப்பதால் ஈஸ்ட்ரோஜனுடன் புரோஜெஸ்டிரோனும் சேர்த்தே தந்தார். மார்பகப் புற்றுநோய் கண்ட என் அக்காவுக்கு அது ஆகாது என்பதால் வென்லாஃபாக்சின் என்ற மனச்சோர்வு மருந்தைக் கொடுத்தார்கள். சோர்வோடு உடல் தகிப்பும் தணிந்தது.

பதில் 3:
அக்கா, "யாருக்காக இருக்கிறோம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை தருகிறது. அந்த எண்ணம் வலுத்தால், மருத்துவரைப் பார்க்கும் நாள்வரை காத்திராமல், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணை அழையுங்கள். எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.