சிதையும் பழைய கட்டடம்: யார் செலவில் காப்பது?

சுண்ணாம்பு:
பழைய கட்டடத்தை "இனி தாங்காது" என்று சான்றிதழ் வாங்கி இடித்துவிடுகிறார்கள். பெரும்பாலானவை வயதால் விழுவதில்லை. கூரையின் மழைநீர்க் குழாய் அடைத்துக்கொள்ளும், தண்ணீர் சுவருக்குள் இறங்கும், விட்டத்தின் முனை மக்கும், விரிசலில் செடி வேர்விடும். இடிக்க அனுமதி கேட்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, கடைசியாக எப்போது கூரையைப் பழுது பார்த்தீர்கள் என்பதுதான்.

பரம்பரைச்சொத்து:
என்னிடம் கேளுங்கள், சொல்கிறேன். பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பிறகு எங்கள் கட்டடத்தை வாங்க ஆள் வரவில்லை. உள்ளே சுவர் மாற்றக்கூட அனுமதி வேண்டும். பெருமை ஊருக்கு, செலவு எங்களுக்கு. பணமே இல்லாதவன் எதை வைத்துக் கூரை போடுவான்?

கொத்துவேலை:
ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய சுவருக்குச் சிமென்ட் பூசாதீர்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல் உதிர்ந்துவிடும். நல்லது செய்வதாக நினைத்துப் பூசியே பல சுவர்கள் போய்விட்டன.

சுண்ணாம்பு:
@பரம்பரைச்சொத்து, உங்கள் கேள்வி நியாயமானது. தடை மட்டும் போட்டுவிட்டுப் போவது காப்பாற்றுவது ஆகாது. நியூயார்க்கில் 1963-ல் பென் ஸ்டேஷன் என்ற பழைய ரயில் நிலையத்தை இடிக்கத் தொடங்கினார்கள். அதனால் எழுந்த கோபத்தில் 1965-ல் பழைய கட்டடங்களைக் காக்கும் சட்டம் வந்தது. அப்புறம் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் மேல் உயர்ந்த அலுவலகக் கட்டடம் எழுப்ப உரிமையாளர்கள் கேட்டார்கள், நகரம் மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1978-ல் நகரம் வென்றது. நிலையத்தின் மேல் கட்ட முடியாத தளங்களுக்கான உரிமையைப் பக்கத்து மனைகளுக்கு மாற்றிக்கொள்ள வழி இருந்ததையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. இழப்புக்கு ஈடாக ஏதாவது கொடுங்கள் என்றுதான் நானும் கேட்கிறேன்.

புதுக்குடி:
அந்த உரிமைக்கு விலை கிடைப்பது, நிலம் பொன்னாக விற்கும் இடத்தில் மட்டும்தான். லண்டனில் 1981-ல் மூடிய பேங்க்சைட் மின் நிலையம் 2000-ல் டேட் மாடர்ன் கலைக்கூடமாகத் திறந்தது என்று எல்லோரும் காட்டுவார்கள். ஒரு நகரம் எத்தனை கலைக்கூடத்தைத் தாங்கும்? வாடகைக்கு வீடு கிடைக்காமல் ஊருக்கு வெளியே தள்ளப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். நகர நடுவில் பூட்டிக் கிடக்கும் இடத்தை அவர்களுக்குத் தரலாமே.

சுண்ணாம்பு:
தரலாம், இடிக்காமலே. பூட்டிய கட்டடத்தைப் பிரித்துச் சின்னச் சின்னக் குடியிருப்புகளாக மாற்றுங்கள். ஆள் புழங்கினால் ஒழுகலை அன்றே யாராவது கவனிப்பார்கள். இடித்த இடத்தில் எழும் மாடி வீடு, நீங்கள் சொல்கிறவர்களின் வாடகைக்குக் கிடைக்குமா?

புதுக்குடி:
கிடைக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படிக்கட்டு அகலம், தீ விபத்தில் தப்பும் வழி, கழிப்பறை எல்லாம் இன்றைய விதிப்படி வேண்டும். அதற்கு உட்புறத்தை மாற்ற விடுவீர்களா?

சுண்ணாம்பு:
சுமை தாங்கும் சுவரையும் கூரையையும் தொடாதவரை, சரி.

பரம்பரைச்சொத்து:
இதை விதியாக எழுதித் தரட்டும். உரிமை மாற்றத்தில் வரும் பணத்தை முதலில் கூரைக்கே செலவிட வேண்டும் என்று நிபந்தனை போட்டாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அனுமதி மழைக்காலத்துக்கு முன்னால் வர வேண்டும்.