பழைய தண்டனை: விசா ஃபார்மில் "ஆம்" போடுவதா, "இல்லை" போடுவதா?

பழையகணக்கு:
24 வயசுல ஒரு கைகலப்பு. கேஸ் நடந்து, குற்றம் நிரூபணமாகி, மூணு மாசம் உள்ளே இருந்தேன். இப்போ 47. நடுவுல ஒரு டிராஃபிக் அபராதம்கூடக் கிடையாது. மக அமெரிக்காவுல படிக்கிறா, மே மாசம் பட்டமளிப்பு. அமெரிக்க விசாவுக்கு ஆன்லைன்ல நிரப்பற டிஎஸ்-160 ஃபார்ம்ல, எப்போதாவது கைதானதுண்டா, தண்டனை பெற்றதுண்டான்னு ஒரு கேள்வி. மன்னிப்பு கிடைச்சிருந்தாலும் சொல்லணுமாம். ரெண்டு நாளா அந்த இடத்துலயே நிக்கிறேன். இருபது நிமிஷம் கை வைக்கலைன்னா பக்கம் காலாவதி ஆயிடுது. திரும்ப உள்ளே வர்றேன், திரும்ப அதே கேள்வி. என்ன போடட்டும்?

சுழல்காற்று:
"இல்லை"ன்னு போட்டுட்டுப் போய்க்கிட்டே இருங்கண்ணே. 23 வருஷத்துக்கு முந்தின காகிதத்தைக் கரையான் தின்னு முடிச்சிருக்கும். தண்டனையை அனுபவிச்சாச்சு, கணக்கு தீர்ந்துபோச்சு. நாமளே போய் வினையை விலைக்கு வாங்கணுமா?

தராசு:
பழையகணக்கு சார், தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க. அமெரிக்கச் சட்டம் தண்டனை பெற்ற எல்லாரையும் தடுக்கறதில்லை. அவங்க முதல்ல பார்க்கறது அது ஒழுக்கக்கேடான குற்றமாங்கறதைத்தான். திருட்டு, மோசடி அதுல வரும். சாதாரணக் கைகலப்பு பெரும்பாலும் வராது. வந்தாலும் சின்னக் குற்றங்களுக்கு ஒரு விலக்கு உண்டு: வாழ்க்கையில ஒரே குற்றம், அதுக்குச் சட்டம் அனுமதிக்கிற அதிகபட்சத் தண்டனை 1 வருஷத்துக்கு மேல இல்லை, உங்களுக்கு விதிச்சது 6 மாசத்துக்கு மேல இல்லைன்னா தடை கிடையாது. போதைப்பொருள் கேஸுக்கு இது பொருந்தாது, உங்களுது அது இல்லையே. ஆனா முக்கியமான விஷயத்துல பொய் சொல்லி விசா வாங்கப் பார்த்தீங்கன்னா, அதுக்கு வாழ்நாள் தடை. ஒருவேளை தடுக்கவே தடுக்காத ஒரு குற்றத்தை மறைக்கப் போய் ஆயுசுக்கும் மாட்டிக்கணுமா?

சுழல்காற்று:
தடை இருந்தா தற்காலிக விசாவுக்கு விலக்கு கேட்கலாம்னு அதே சட்டத்துல இருக்கே? பொய்க்கும் அது பொருந்துமே?

தராசு:
பொருந்தும். ஒரு தடவை பொய் சொன்னவர்னு தெரிஞ்சபிறகு, அடுத்து நீங்க சொல்ற எதை அவங்க நம்புவாங்க?

சுழல்காற்று:
என் நண்பன் ஒருத்தன் உங்களை மாதிரி ஆளு சொன்னதைக் கேட்டு எல்லாத்தையும் ஒப்பிச்சான். நாடு எதுன்னு வேண்டாம். எட்டு மாசம் காத்திருந்தான், கடைசியில ரிஜெக்ட். அதே கேஸ்ல கூட மாட்டினவன் "இல்லை"ன்னு போட்டுட்டுப் போய் அருவி முன்னாடி நின்னு போட்டோ போடுறான். இதுக்கு என்ன சொல்றீங்க?

உப்புக்காத்து:
நான் சொல்றேன் தம்பி. அந்த போட்டோ போட்ட ஆளு நான்னு வெச்சுக்கோங்க. குடிச்சிட்டு வண்டி ஓட்டின கேஸ், அபராதம் கட்டி முடிஞ்சது. ஒரு நாட்டுக்கு ரெண்டு தடவை "இல்லை"ன்னு போட்டுப் போய் வந்தேன். மூணாவது தடவை கைரேகை வெச்சதும் கவுண்டர்ல இருந்தவங்க பேச்சை நிறுத்திட்டாங்க. பக்கத்து அறை. ஒரு பேப்பர் கப்புல தண்ணி கொடுத்தாங்க. அதிகாரி திரையை என் பக்கம் திருப்பினார். என் பேர்ல ஒரு எழுத்து தப்பு, தேதி மட்டும் அச்சா சரி. கேஸைப் பத்தி அவர் கேட்டது ஒரே கேள்வி. மீதி ஒரு மணி நேரமும் "முன்னாடி ரெண்டு தடவையும் ஏன் இல்லைன்னு போட்டீங்க?"ங்கறதுதான். மறு விமானத்துலயே திருப்பி அனுப்பிட்டாங்க. அந்தக் கப்பைக் கசக்கி வீடு வரைக்கும் கையிலயே வெச்சிருந்திருக்கேன், வந்துதான் பார்த்தேன்.

சுழல்காற்று:
அக்கா, வருத்தமாத்தான் இருக்கு. ஆனா எல்லா நாட்டுக்கும் எல்லாம் தெரியாதுங்கறது உண்மைதானே?

தராசு:
எல்லா நாட்டுக்கும் தெரியாதுதான். ஆனா அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து அஞ்சும் குடியேற்றத் தகவலைப் பரிமாறிக்கிற நாடுகள். ஒரு இடத்துல எழுதின பதிலும் இன்னொரு இடத்துல எழுதினதும் முட்டிக்கும். பிரிட்டன்ல பொய்க்கு 10 வருஷம் வரைக்கும் தடை.

கேள்விக்குறி:
நீங்க எல்லாரும் மாட்டுவோமா, மாட்டமாட்டோமான்னே பேசறீங்க. அப்படிக் கேட்கறதே நியாயமான்னு யாரும் கேட்கலை. பிரிட்டன்ல 1974-லயே ஒரு சட்டம் வந்தது. குறிப்பிட்ட காலம் ஒழுங்கா இருந்தா பல பழைய தண்டனைகள் "தீர்ந்துபோனது", பெரும்பாலான வேலைகளுக்குச் சொல்லத் தேவையில்லை. அதே ஆள் இன்னொரு நாட்டு ஃபார்மை எடுத்தா அந்தச் சட்டம் உதவாது. கனடாவுல 2018 டிசம்பர் 18-லேருந்து குடிச்சு வண்டி ஓட்டறதுக்கு அதிகபட்சம் 10 வருஷம்னு ஆக்கினாங்க. உடனே அது "கடுமையான குற்றம்" ஆயிடுச்சு. அபராதத்தோட போனவரும் அதே கூடையில. ஜப்பான்ல போதைப்பொருள் கேஸ்னா தண்டனை எவ்வளவு சின்னதானாலும் கதவு சாத்தித்தான். அதனாலதான் 1994-ல கால்பந்து வீரர் மரடோனாவுக்கு அங்க விசா மறுத்தாங்க. 2002 உலகக் கோப்பைக்கு அதே மரடோனாவுக்குச் சிறப்பு அனுமதி. பேர் இருந்தா கதவு திறக்குது, இல்லாதவங்க என்ன பண்றது?

தராசு:
நியாயம் இல்லைதான், ஒத்துக்கறேன். ஆனா சண்டை போட ஃபார்ம் இடமில்லை. இன்னொண்ணு, எல்லா நாடும் ஒரே அளவுகோல்ல பார்க்கறதில்லை. ஆஸ்திரேலியா கடுமையான குற்றப் பதிவுன்னு சொல்றது 12 மாசமோ அதுக்கு மேலயோ சிறை விதிச்சிருந்தா. நியூசிலாந்துல 5 வருஷமோ அதுக்கு மேலயோ விதிச்சிருந்தா எப்பவும் தடை, 12 மாசமோ மேலயோன்னா கடைசி 10 வருஷத்துக்குள்ள இருந்தா தடை. மூணு மாசம் எதுலயும் விழாது. கனடாவுல தண்டனை முடிஞ்சு 5 வருஷம் ஆனா, மறுவாழ்வு பெற்றவர்னு அங்கீகாரம் கேட்டு விண்ணப்பிக்கலாம். பழையகணக்கு சார், முதல்ல தீர்ப்போட சான்றிட்ட நகலை வாங்குங்க. எந்தப் பிரிவு, அதுக்கு அதிகபட்சத் தண்டனை என்னங்கறது அதுலேருந்துதான் தெரியும். அது கையில இல்லாம நேர்காணலுக்குப் போகாதீங்க.

சுழல்காற்று:
நகல், மொழிபெயர்ப்பு, வக்கீல் ஃபீஸ்... உண்மை சொல்றதுக்கு இவ்வளவு செலவு. நான் இன்னும் ஒத்துக்கலை. ஆனா உப்புக்காத்து அக்கா சொன்னதைப் படிச்சபிறகு "இல்லை"ன்னு போடுங்கன்னு இன்னொருத்தருக்குச் சொல்ல வாய் வரலை.

பழையகணக்கு:
எல்லாருக்கும் நன்றி. ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். மகளுக்கு இந்தக் கேஸ் தெரியாது. ஃபார்மை நானே நிரப்பறேன்னு அவளை இத்தனை நாள் தள்ளி வெச்சிருக்கேன். இன்னைக்குக் கோர்ட்ல போய்க் கேட்டேன், 23 வருஷத்துக் கட்டு ஆவண அறையில தேடணுமாம். மனு எழுதிக் கொடுத்துட்டு வந்திருக்கேன். ராத்திரி அவ போன் பண்ணுவா, "ஃபார்ம் முடிஞ்சுதாப்பா?"ன்னு கேட்பா.