விசில் சத்தம் நின்ற இரவு

இளைப்புக்கு (ஆஸ்துமா) எடுக்கும் இன்ஹேலர் பம்ப் பழகிவிடுமோ என்று பயந்து பாதியில் நிறுத்தியவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எனக்கு 10 வயதிலிருந்து இளைப்பு. டாக்டர் இரண்டு இன்ஹேலர் எழுதித் தந்திருந்தார். தினமும் இழுக்க வேண்டிய ஸ்டீராய்டு பம்பை, மூச்சு சீரானதுமே ஓரம் வைத்துவிடுவேன். இன்னொன்று, இளைக்கும்போது மட்டும் எடுக்கும் நீல பம்ப். அதை இரண்டு அடி அடித்தால் ஐந்து நிமிடத்தில் நெஞ்சு லேசாகிவிடும். வேறென்ன வேண்டும் என்று இருந்தேன்.

மூன்று வருடம் முன்பு ஒரு சளிக் காய்ச்சல். தினமும் விடியற்காலை மூன்று மணிக்கு இருமி இருமி விழிப்பு வந்தது. நீல பம்பை ஒரு நாளில் எட்டு முறை எடுத்தேன். அதுவே ஆபத்தின் அறிகுறி என்று அப்போது தெரியாது. நான்காம் இரவு கட்டிலில் குனிந்து உட்கார்ந்திருந்தேன். ஒரு வாக்கியம் முழுதாக வரவில்லை. கொஞ்ச நேரத்தில் விசில் சத்தம் அடங்கியது. "சரியாகுது போல" என்றார் அம்மா. உண்மையில் சத்தம் எழும்பும் அளவுக்குக்கூட உள்ளே காற்று போகவில்லை. ஆக்ஸிஜன், நெபுலைசர், ஊசி என்று அந்த இரவு மருத்துவமனையில் கழிந்தது.

மறுநாள் ஒரு நர்ஸ் அக்கா, "நீங்க பம்ப் அடிக்கிறதை ஒரு தடவை காட்டுங்க" என்றார். இத்தனை வருடத்தில் யாருமே கேட்காத கேள்வி. நான் அழுத்திவிட்டு அதன்பிறகே மூச்சை இழுப்பேன். மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே படிந்திருக்கிறது. குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போது அழுத்தி, பத்து எண்ணும்வரை அடக்கிவைக்கச் சொன்னார். பம்பின் வாயில் ஸ்பேசர் என்ற குழாய் மாட்டியதும் இன்னும் சுலபமானது. ஸ்டீராய்டு பம்புக்குப் பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும், இல்லையென்றால் வாயில் வெள்ளை படரலாம்.

அவர் சொன்ன இன்னொன்றுதான் பம்ப் பழகிவிடுமோ என்ற என் பயத்தைப் போக்கியது. நீல பம்ப் மூச்சுக்குழாயைச் சுற்றி இறுகிய தசையைச் சில மணி நேரம் தளர்த்தும், அவ்வளவுதான். குழாயின் உள்சுவரில் இருக்கும் வீக்கம் அப்படியே இருக்கும். அதைக் குறைப்பது தினசரி பம்ப். அதில் மருந்து மைக்ரோகிராம் கணக்கில்தான், அதுவும் நேராக நுரையீரலுக்குப் போகிறது.

போன மாதம் மறுபடி சளி. மூச்சு திணறும் முன்பே பீக் ஃப்ளோ மீட்டரில் (மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்கும் சின்னக் கருவி) என் வழக்கமான 420, 310-க்கு இறங்கியிருந்தது. அளவு இறங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று டாக்டர் எழுதித் தந்திருந்த தாளைப் பார்த்து, அதன்படி செய்து, அன்றே அவரைக் கூப்பிட்டேன். அந்த வாரம் முழுக்க இரவில் தூங்கினேன்.