ஃபிளாஸ்க் உள்கண்ணாடி சேலத்தில் எங்கே கிடைக்கும்?

எல்லாருக்கும் வணக்கம். அம்மா ஏற்காடு ஏரிப் பக்கம் சுக்கு காபி விற்கிறார். ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம் என்பதால் அங்கே தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். போதாததற்குக் குளிர் வேறு. நல்ல ஃபிளாஸ்க் இல்லாமல் வியாபாரமே இல்லை.

இருப்பது ஒரு லிட்டர் கண்ணாடி ஃபிளாஸ்க். உள்ளே வெள்ளிப் பூச்சு இன்னும் பளபளவென்றுதான் இருக்கிறது. ஆனால் அடியில், காற்றை உறிஞ்சியபின் உருக்கி மூடியிருப்பார்களே, அந்தக் கூர்முனை உடைந்துவிட்டது. இரண்டு சுவருக்கும் நடுவே காற்று புகுந்தால் அப்புறம் சூடு எப்படி நிற்கும்? 1892-ல் ஜேம்ஸ் டியூவர் இதை உருவாக்கியபோதும் அந்த வெற்றிடம்தான் உயிர். வெள்ளிப் பூச்சு கதிர்வீச்சாகப் போகும் சூட்டை மட்டுமே திருப்பும்.

செவ்வாய்ப்பேட்டையிலோ முதல் அக்ரஹாரத்திலோ உள்கண்ணாடி மட்டும் தனியாக விற்கும் பாத்திரக் கடை தெரிந்தால் சொல்லுங்கள். வாய் அகலமும் உயரமும் அளந்துகொண்டு போனால் போதுமா, பழையதையே கையில் கொண்டுபோக வேண்டுமா?

இன்னொன்று. ஸ்டீல் ஃபிளாஸ்க் வாங்கலாம் என்கிறார்கள். கீழே விழுந்தாலும் உடையாது, சரி. நாள் முழுக்கத் திறந்து மூடும் வியாபாரத்துக்கு எது தாங்கும்? பயன்படுத்துகிற அண்ணன்கள், அக்காக்கள் சொல்லுங்கள்.